பழைய ஃபெல்ட் தொப்பிக்குள் இருக்கும் காகிதச் சீட்டை வைத்து அதன் வயதைச் சொல்ல முடியுமா?

கேள்வியை முதலில் ஒரு தடவை நானே சொல்லிப் பார்க்கிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று தெரிந்துவிடும். நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஸ்டெட்சன் கம்பெனியின் சாம்பல் நிற ஃபெடோரா (சுற்றிலும் விளிம்பு உள்ள ஃபெல்ட் தொப்பி, ஃபெல்ட் என்பது விலங்கு முடியை அமுக்கிச் செய்த துணி) ஒன்றை 40 டாலருக்கு வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் அது 1930களின் தொப்பி என்று சத்தியம் செய்திருக்கிறார். உள்ளே தலையைச் சுற்றி வரும் தோல் பட்டையை மடக்கிப் பார்த்தபோது மூன்று காகிதச் சீட்டுகள் தெரிந்தன: 7⅛ என்ற சைஸ் சீட்டு, ஏதோ எண்கள் அச்சான இன்னொரு சீட்டு, ஒரு தொழிற்சங்க லேபிள். தோல் பட்டையில் கடைக்காரரின் பெயரும் முகவரியும் தங்க எழுத்தில் இருக்கின்றன. "இதையெல்லாம் வைத்து எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமா?" என்பது கேள்வி. விற்றவரை நம்பலாமா என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆண்டைச் சொல்ல முடியாது. எத்தனை ஆண்டுகளுக்குள் என்று சொல்லலாம், உங்கள் தொப்பியில் அது ஓரளவு நன்றாகவே வருகிறது. அந்தத் தோல் பட்டை அசல்தான் என்றால், 1930கள் இல்லை என்பதை மட்டும் இப்போதே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் கீழே வருகிறது.

நான் பிலடெல்பியா பக்கத்தில் பழைய தொப்பிகளைச் சுத்தம் செய்து, வடிவம் நிற்கத் தலை வடிவ மர அச்சில் ஏற்றி, கிழிந்த பட்டையை மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கைக்கு வருவதில் பெரும்பாலும் அமெரிக்கத் தொப்பிகள்தான். இத்தாலிய, ஆங்கிலத் தொப்பிகள் எப்போதாவது வரும், அதனால் அவற்றைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் எடை குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சீட்டுகள் எதுவும் நமக்காக ஒட்டப்பட்டவை இல்லை. சைஸ் சீட்டு கடைப்பையன் அலமாரியில் இருந்து சட்டென்று எடுப்பதற்கு. எண்கள் அச்சான சீட்டு, அதே தொப்பியை, அதே மர அச்சில், அதே விளிம்பு அகலத்தில் கடைக்காரர் மறுபடி ஆர்டர் கொடுப்பதற்கு. சங்க லேபிள், இதைச் செய்தவர்கள் சங்கத் தொழிலாளர்கள் என்று வாங்குபவருக்குக் காட்டுவதற்கு. மூன்றும் வெவ்வேறு ஆளுக்காக வைத்தவை, ஆண்டைப் பதிவு செய்யவேண்டிய அவசியம் இவர்களில் யாருக்கும் இல்லை. அதனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, இந்த வார்த்தை இந்த உலகத்தில் எப்போதில் இருந்து இருக்க முடியும் என்றும் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் கிடைப்பது ஒரு கீழ் எல்லை, அதாவது இந்த ஆண்டுக்கு முன்னால் வாய்ப்பே இல்லை என்பது. மேல் எல்லையும் சில சமயம் கிடைக்கும், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி நம்பக்கூடாது. கீழ் எல்லை கெட்டியானது: இல்லாத சங்கத்தின் பெயரை யாரும் அச்சடித்திருக்க முடியாது. மேல் எல்லை இளக்கமானது: அச்சடித்து வைத்த லேபிள் கட்டு தீரும்வரை ஒட்டுவார்கள், பட்டையில் பெயரைப் பதிக்கச் செதுக்கிய பித்தளை அச்சு தேயும்வரை கடைக்காரர் அதையேதான் பயன்படுத்துவார். பழைய தொப்பிக்கு வயது சொல்பவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, உங்கள் தொப்பிக்கு வருவோம். மூன்று சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சங்க லேபிள், ஏனென்றால் அதன் பின்னால் உண்மையான தேதிகள் இருக்கின்றன. 1896-ல் தொப்பித் தொழிலாளர்களின் இரண்டு சங்கங்கள் சேர்ந்து 'யுனைடெட் ஹாட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா' உருவானது. 1934-ல் அது துணித்தொப்பி, பெண்கள் தொப்பித் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து 'யுனைடெட் ஹாட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ் இன்டர்நேஷனல் யூனியன்' ஆனது. 1983-ல் அதுவும் பெரிய ஆடைத் தொழிலாளர் சங்கத்துக்குள் கரைந்தது. ஆகவே லேபிளில் 'நார்த் அமெரிக்கா' என்று இருந்தால் 1896-க்குப் பின், ஏறத்தாழ 1934 வரை. 'கேப் அண்ட் மில்லினரி' என்று இருந்தால் 1934-க்கு முன்னால் கிடையவே கிடையாது. நீங்கள் போட்டிருக்கும் படத்தில் லேபிளின் ஒரு ஓரம் கிழிந்திருந்தாலும் 'மில்லினரி' என்ற சொல் முழுசாகத் தெரிகிறது. அப்படியானால் உங்கள் தொப்பி 1934 அல்லது அதற்குப் பிறகு.

இந்த லேபிளுக்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊர், அமெரிக்கத் தொப்பித் தொழிலின் தலைநகர் மாதிரி இருந்தது. அங்கே லோவி என்பவரின் தொழிற்சாலை சங்கத்தை ஏற்க மறுத்ததால் 1902-ல் வேலைநிறுத்தமும் நாடு தழுவிய புறக்கணிப்பும் நடந்தன. லோவி வழக்குப் போட்டார், 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் புறக்கணிப்பு ஏகபோகத் தடைச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. நஷ்ட ஈட்டுக்காகச் சாதாரணத் தொப்பித் தொழிலாளிகளின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் முடக்கப்பட்டன. 1915-ல் உச்ச நீதிமன்றம் இரண்டரை லட்சம் டாலர் அளவிலான தீர்ப்பை உறுதி செய்தது. விரல் நகம் அளவுள்ள அந்தக் காகிதத்துக்காக மனிதர்கள் வீட்டையே பணயம் வைத்த காலம் அது. பட்டையை மடக்கி அந்த லேபிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுகள்தான் ஞாபகம் வரும்.

அந்தக் காலத்தில் சங்கம் வெளியிட்ட விளம்பரத்தில் இன்றைக்கும் நமக்குப் பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன. உண்மையான லேபிள் தபால்தலை மாதிரி நான்கு ஓரத்திலும் துளைவரிசை உள்ளது, போலியில் மூன்று ஓரத்திலோ இரண்டு ஓரத்திலோதான் இருக்கும் என்று அது சொன்னது. லேபிள் தொப்பியில் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கடைக்காரர் தளர்வான லேபிளை எடுத்துத் தைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள் என்றும் சொன்னது. பிலடெல்பியாவின் ஜான் பி. ஸ்டெட்சன் கம்பெனி சங்கம் இல்லாத நிறுவனம் என்று பெயர் சொல்லியே எச்சரித்தது. இது உங்களுக்கு நேரடியாக உதவும். 1900களின் தொடக்கத்து ஸ்டெட்சன் என்று யாராவது ஒரு தொப்பியை விற்க வந்து, அதற்குள் சங்க லேபிளும் இருந்தால், ஒன்று தொப்பி அவ்வளவு பழையது இல்லை, அல்லது லேபிள் வேறு தொப்பியில் இருந்து வந்தது.

அடுத்து கடைக்காரரின் முகவரி. இது காகிதம் இல்லை, தோலில் பதித்த தங்க எழுத்து. ஆனாலும் உங்கள் தொப்பியில் இதுதான் முடிச்சை அவிழ்க்கிறது. 'நியூவார்க் 2, என்.ஜே.' என்று இருக்கிறது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் நிற்கும் அந்த 2 வெறும் அலங்காரம் இல்லை. அமெரிக்கத் தபால்துறை பெரிய நகரங்களைத் தபால் மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்தது 1943 மே மாதத்தில். ஐந்திலக்க ஜிப் கோடு (நம் பின்கோடு மாதிரி) வந்தது 1963 ஜூலையில். பழைய மண்டல எண்கள் பெரும்பாலும் ஜிப் கோடின் கடைசி இரண்டு இலக்கங்களாகத் தங்கிவிட்டன, நியூவார்க் 2 என்பது 07102 ஆனது அப்படித்தான். ஆகவே முகவரியில் மண்டல எண் இருக்கும் தொப்பி 1943-க்கு முன்னால் விற்பனைக்குப் போயிருக்க முடியாது. விற்றவர் சொன்ன 1930கள் இதோடு முடிந்தது. மேல் எல்லை 1963 என்பது நான் சொன்ன அந்த இளக்கமான வகை, பழைய அச்சை இன்னும் இரண்டு மூன்று வருடம் கடைக்காரர் வைத்திருந்திருக்கலாம்.

இன்னும் நெருக்க வேண்டும் என்றால் அந்தக் கடையைத் தேடுங்கள். பல ஊர்களின் பொது நூலகங்களில் அந்தக் காலத்து நகர முகவரிப் புத்தகங்கள் இருக்கின்றன, நிறைய ஸ்கேன் செய்து இணையத்திலும் கிடைக்கின்றன. உங்கள் கடை எந்த ஆண்டுப் புத்தகத்தில் அந்தத் தெரு எண்ணில் முதலில் வருகிறது, எந்த ஆண்டில் காணாமல் போகிறது என்று பார்த்தால், இருபது வருட இடைவெளி ஏழெட்டு வருடமாகச் சுருங்கிவிடும். பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான். தொப்பி விஷயத்தில் எந்த நிபுணரின் கண்ணையும்விட ஒரு மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்தால் கிடைப்பது அதிகம்.

சைஸ் சீட்டு 7⅛ என்கிறது. இது வயதுக்கு அதிகம் உதவாது, எந்தச் சந்தைக்குச் செய்தது என்பதற்கு உதவும். அமெரிக்க 7⅛ என்பது 57 சென்டிமீட்டர் தலை, அதே தலைக்கு ஆங்கிலக் கணக்கு 7. உள்ளே டேப்பை வைத்து அளந்து பாருங்கள், 57 வந்தால் அமெரிக்க அளவு. பழைய தொப்பிகள் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அதனால் அரை சென்டிமீட்டர் குறைந்தால் கவலைப்படாதீர்கள். ஆனால் அந்தச் சீட்டின் காகிதமே ஒரு சாட்சி. புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், பத்து டாலருக்குள் கிடைக்கும். இருட்டறையில் அதைச் சீட்டின்மேல் அடியுங்கள். காகிதம் நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், அதில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருக்கிறது. காகிதத் தயாரிப்பில் அந்த ரசாயனம் வந்தது ஏறத்தாழ 1950-ல் இருந்துதான். ஒளிராமல் மங்கலாகக் கிடந்தால் அதற்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனென்றால் அதற்குப் பிறகும் மலிவான காகிதங்களில் பலர் அதைக் கலக்கவில்லை. ஒளிர்ந்தால் ஒரு விஷயம் உறுதி, ஒளிராவிட்டால் எதுவும் உறுதி இல்லை. காகிதம் மஞ்சளாக இருக்கிறது என்பதை வைத்தும் வயது சொல்லாதீர்கள், வியர்வையும் தலை எண்ணெயும் பட்ட காகிதம் பத்தே வருடத்தில் எழுபது வருடத்துக் காகிதம் மாதிரி ஆகிவிடும்.

எண்கள் அச்சான இரண்டாவது சீட்டைப் பற்றித்தான் நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். அதில் இருப்பவை மர அச்சின் எண், மறு ஆர்டர் எண் மாதிரியான விஷயங்கள். அந்த எண்ணில் இருந்தே நேராக ஆண்டைப் பிடிப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரே மர அச்சு வருடக்கணக்காக ஓடும். ஒரே மாதிரிச் சீட்டு உள்ள, வேறு வழியில் தேதி தெரிந்த தொப்பிகள் நான்கைந்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், சீட்டின் எழுத்துரு, கட்டங்களின் அமைப்பு இவற்றில் இருந்து ஓர் ஊகம் செய்யலாம். ஊகம்தான், அதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்கவேண்டாம்.

லேபிளில் அச்சான ஆண்டைப் பார்த்து ஏமாறுபவர்களும் நிறைய. ஸ்டெட்சன் தொடங்கிய 1865, இத்தாலியின் போர்சாலினோ தொடங்கிய 1857, பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கிய 1900, இப்படி ஏதாவது ஓர் ஆண்டு கம்பெனிகளின் லேபிளில் இருக்கும். அது கம்பெனியின் பெருமை, தொப்பியின் பிறந்தநாள் இல்லை. காப்புரிமை எண்ணும் அப்படித்தான். ஆனால் அது நல்ல கீழ் எல்லை தரும்: அமெரிக்கக் காப்புரிமையில் பத்து லட்சமாவது எண் 1911-ல், இருபது லட்சமாவது 1935-ல், முப்பது லட்சமாவது 1961-ல் வழங்கப்பட்டது. தோல் பட்டையிலோ சீட்டிலோ 2 என்று தொடங்கும் ஏழு இலக்க எண் இருந்தால், அது 1935-க்கு முந்தைய தொப்பி இல்லை. ஊர்ப் பெயர்களும் உதவும். ரெசிஸ்டால் தொப்பி செய்த கம்பெனி 1938-ல் டல்லாஸில் இருந்து கார்லண்டுக்குப் போனது, ஆஸ்திரேலியத் தொப்பிக் கம்பெனி அக்குப்ரா 1974-ல் சிட்னியில் இருந்து கெம்ப்சிக்குப் போனது. 'ஹாட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயர் 1932-க்கு முன்னால் இல்லை. ஸ்டெட்சனின் பிலடெல்பியா தொழிற்சாலை 1971-ல் மூடப்பட்டு வேலை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப்புக்குப் போனது, ஆகவே லேபிளில் செயின்ட் ஜோசப் என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. நீலக் கழுகு படம் போட்ட சின்ன லேபிள் உள்ளே இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது ரூஸ்வெல்ட் காலத்துத் தேசிய மீட்பு நிர்வாகத்தின் சின்னம். அந்த ஏற்பாடு 1933-ல் தொடங்கி 1935 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. தொப்பிக்குள் அவ்வளவு குறுகிய காலத்தைச் சொல்லும் சீட்டு வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் சீட்டுகள் அந்தத் தொப்பியோடு பிறந்தவை என்றால்தான் செல்லும். இங்கேதான் பட்டறை அனுபவம் வேண்டும். தோல் பட்டை கிழிந்தால் மாற்றுவது அந்தக் காலத்திலும் சாதாரண வேலை. பட்டை போனால் அதன் பின்னால் இருந்த சீட்டுகளும் போகும், அல்லது புதிய பட்டையோடு புதிய சீட்டு வரும். சில வருடங்களுக்கு முன் ஒருவர் பழுப்பு நிறத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே 'நார்த் அமெரிக்கா' லேபிள், நான்கு ஓரமும் துளை வரிசையோடு, தங்கம் மாதிரி இருந்தது. அவர் அதற்கு நல்ல விலை கொடுத்திருந்தார். நான் பட்டையை மெதுவாகக் கீழே இறக்கி, ஃபெல்ட்டின் அடி ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஊசித் துளைகள் இரண்டு வரிசை. ஒரு வரிசையில் நூல் இருக்கிறது, அதற்கு ஒரு நூலிழை மேலே இன்னொரு வரிசை வெறுமையாக. அதாவது பட்டை ஒருமுறை மாறியிருக்கிறது. அப்புறம் லேபிளைப் பார்த்தேன், அதன் தையல் துளைகளில் நூலே இல்லை, பின்பக்கம் பசை. வேறு ஒரு தொப்பியில் இருந்து பிரித்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தளர்வான லேபிளை நம்பாதே என்று நூறு வருடத்துக்கு முன்னால் சங்கம் சொன்னது அப்படியே பொருந்தியது. அந்த மனிதரின் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் 40 டாலரோடு தப்பித்தது நல்லது.

ஆகவே நீங்களும் அந்த ஊசித் துளைகளைப் பாருங்கள். ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதில் கவனம் வேண்டும். பழைய தோல் வறண்டு, பொடி உதிரும் நிலையில் இருந்தால், பட்டையைச் சட்டென்று மடக்கினால் தையல் வரிசையிலேயே பிய்ந்துவிடும். பின்பக்கம் சின்ன வில்முடிச்சு ரிப்பன் இருக்கும் இடத்தில் இணைப்பு இருக்கும், அங்கே மட்டும் விரல் நுனியால் ஒரு அங்குலம் விலக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் படம் எடுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நீராவி காட்டாதீர்கள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படிச் செய்து ஒரு சைஸ் சீட்டு கையோடு கூழாகி வந்துவிட்டது, இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, முயல், பீவர் முடியை ஃபெல்ட் ஆக்குவதற்கு அந்தக் காலத்தில் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது 1941 டிசம்பரில். உங்கள் தொப்பி 1943-க்குப் பிந்தையது என்பதால் பெரிய பயம் இல்லை. ஆனால் அதைவிடப் பழைய தொப்பி ஏதாவது கையில் வந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டம் உள்ள இடத்தில் பாருங்கள், குழந்தைகள் தலையில் வைத்து விளையாட விடாதீர்கள். டான்பரியில் பாதரச விஷத்தால் தொப்பித் தொழிலாளர்களுக்கு வந்த கைநடுக்கத்துக்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இனி என் கணிப்பு. சங்க லேபிள் 1934-க்குப் பின் என்கிறது. மண்டல எண் 1943-க்குப் பின், ஏறத்தாழ 1963 வரை என்கிறது. இவ்வளவும் நிச்சயம், பட்டை அசல்தான் என்றால். விளிம்பு 2¾ அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் ஃபெடோராவின் விளிம்பு பெரும்பாலும் நன்றாகவே குறுகிவிட்டது. அதனால் 1940களின் பின்பாதியில் இருந்து 50களின் நடுப்பகுதிக்குள் இருக்கும் என்பது என் ஊகம். இந்தக் கடைசி வாக்கியத்தை நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அகல விளிம்பை விரும்பி வாங்கிய பெரியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்து சைஸ் சீட்டு ஒளிர்ந்தால் 1950-க்குப் பிந்தைய பக்கம் சாய்வேன். பட்டையின் அடி ஓரத்துத் துளைகளும் சங்க லேபிளின் தையலும் தெரிகிற மாதிரி இரண்டு படங்கள் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.